ஒரு தொப்பியும் ஆயுதமுனைக் கொள்ளையும்

1

இக்கதை இலக்கிய உந்துதலால் பிறந்ததன்று, கோபத்தால் பிறந்தது. 1996இல் ரொறன்ரோ நீதிமன்றமொன்றில் நான் தமிழ் மொழிபெயர்ப்பாளனாக நின்றேன். எதிரே, குற்றஞ்சாட்டப்பட்டவனாகப் பதினாறு வயதுத் துஷாந்த். (உண்மைப் பெயரன்று. இளையோரின் பெயரை வெளியிடச் சட்டம் தடைவிதிக்கிறது. அவனைப் பெரியவர்களின் நீதிமன்றத்துக்கு மாற்றிவிட்டால் தடை நீங்கும், தாராளமாக எழுதலாம். என்னே கருணை!)

2

கதைக்கு நான் எழுதிய முதல் தொடக்கம்: "ரொறன்ரோவின் மல்வேர்னில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு..."

வேண்டாம். கனடாக் கதையென்றால் பனி கொட்டியே தீரவேண்டுமா? நடந்தது யூன் மாதம். கிரிக்கெட் ஆடிவிட்டு வந்த துஷாந்த், பள்ளி வாசலில் கூடப் படிக்கும் சீமோனின் தொப்பியைப் பறித்தான். மற்றக் கையில் மட்டை. "தராட்டி மண்டை உடையும்" என்றும் சொல்லித் தொலைத்தான்.

வெறுங்களவாயின் இளையோர் நீதிமன்றத்தோடு முடிந்திருக்கும். மட்டை இருந்தமையால் அது ஆயுதமுனைக் கொள்ளை. ஆகவே பையனைப் பெரியவனாக விசாரிக்க வேண்டுமென்றார் அரச சட்டத்தரணி. (அம்மட்டை அப்பருவம் முழுவதும் ஒரு பந்தைத் தானும் தொட்டதில்லை.)

3

துஷாந்தின் தாய் யோகராணி செய்ததை நீங்கள் நம்பமாட்டீர்கள். பிணை நிபந்தனை: துஷாந்த் சீமோனை நெருங்கக் கூடாது. நானே தமிழில் எடுத்துரைத்தேன். "ஓம் மாஸ்டர், விளங்குது" என்றார். (ஊரில் படிப்பித்தவன் என்பதால் நம்மவர்க்கு நான் இன்னும் மாஸ்டர்தான்.) அடுத்த ஞாயிறே தட்டில் வாழைப்பழமும் கேக்கும் அடுக்கி, மகனையும் இழுத்துக்கொண்டு சீமோன் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"உதெல்லாம் என்னத்துக்கு அக்கா? உள்ளுக்கு வாங்கோ" என்றார் சீமோனின் தாய் மக்டலீன்.

"உவன் மன்னிப்புக் கேக்க வந்தவன். கேளடா!"

"சொறி, அன்ரி."

"அன்ரியின்ரை தொப்பியையே பறிச்சனி? அவனிட்டைக் கேள்!"

சீமோன் கேக்கையே பார்த்தான். "ஓகே, ஓகே. இப்ப வெட்டலாமோ?"

நம்மவர் முறைப்படி வழக்கு அங்கேயே தீர்ந்தது.

4

பெரியவர்களின் நீதிமன்றத்துக்கு மாற்றுவதா என்ற விசாரணையன்று நீதிபதி, தாய் ஏதும் கூற விரும்புகிறாரா என வினவினார். யோகராணி பெருமிதத்தோடு எழுந்தார்.

"ஐயா, பிரச்சினை முடிஞ்சுது. இவனை அவையளின்ரை வீட்டை கூட்டிக்கொண்டு போய் மன்னிப்புக் கேக்க வைச்சனான்."

ஒரே வாக்கியத்தில் குற்ற ஒப்புதலும் நிபந்தனை மீறலும். அரச சட்டத்தரணிக்குக் கல்யாணச் சாப்பாடு!

முடிவு அ: உள்ளதை உள்ளவாறு மொழிபெயர்க்கிறேன். பையன் வளர்ந்தவர்களின் சிறைக்கு...

முடிவு ஆ: "மகன் திருந்திவிட்டான் என்கிறார்" எனச் சுருக்குகிறேன். சொன்னதை அப்படியே பெயர்ப்பேனென்று நான் செய்த சத்தியம்...

இரண்டையும் எழுதி முடிக்க இயலவில்லை. பின்வரிசையிலிருந்து மக்டலீன் வேறு, உதவும் ஆவலில், "வடிவா விளக்கமாச் சொல்லுங்கோ, மாஸ்டர்!" என்கிறார். நீதிபதி பேனாவைத் திறந்துவிட்டார்.

வாசகரே, தாய் சொன்னது உங்களுக்கும் விளங்கியதல்லவா? எழுந்து நீங்களே சொல்லுங்கள். நான் உட்காருகிறேன்.