சபாஷ்மா

"அம்மா, வாங்க. பயிற்சி நேரம் ஆயிடுச்சு" என்று உள்ளறையிலிருந்து சின்னவளின் குரல் வந்ததும், கூடத்தில் அழுதுகொண்டிருந்த சித்தி அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"சின்னவ வந்துட்டாளா? எந்தப் பக்கமா வந்தா?"

"இன்னும் வரல சித்தி. வண்டியிலதான் இருக்கா. அது அவ அனுப்பின டேப்."

கிடத்தியிருந்த அம்மாவின் தலையை வாரிக்கொண்டிருந்த பெரியவள், சீப்பை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். மேசைமேல் புத்தக அளவுக்கு அந்த டேப்லெட்டின் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதை எப்படி நிறுத்துவது என்று அவள் கற்றுக்கொள்ளவே இல்லை. அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் திணித்துக் கதவைச் சாத்தினாள். செத்த வீட்டிலும் முதல் வரவேற்பு அவளுக்குத்தான் என்று வயிறு எரிந்தது.

பக்கவாதம் வந்த பிறகு அம்மாவுக்கு நடை திரும்பியது, பேச்சு திரும்பவில்லை. பெரியவளுக்கு அது ஒரு விதத்தில் சவாலாகவே பட்டது. தொடக்கப் பள்ளியில் மொழிப்பாடம் எடுப்பவள் அவள். வாயே திறக்காத பிள்ளையையும் ஒரே பருவத்தில் வாயாடியாக்கி அனுப்புகிறவள் என்று பெயர். அட்டை வெட்டி, படம் வரைந்து, கொட்டை எழுத்தில் எழுதி அம்மா முன்னால் நீட்டினாள். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள்; வாத்தியாரின் அம்மாவுக்கும் அது பொருந்தும்போல.

அப்புறம்தான் இந்த டேப் வந்தது. வீட்டு மனுஷர் குரலில் பாடம் இருந்தால் நல்லது என்று பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் சொன்னாராம். வெளியூரில் உட்கார்ந்துகொண்டு சின்னவளே எல்லாச் சொல்லையும் பதிந்து அனுப்பிவிட்டாள். படம் வரும். அவள் குரல் அதைச் சொல்லும். திரும்பச் சரியாகச் சொன்னால் மணி அடித்து "சபாஷ்மா!" என்னும். யார் சொல்கிறார்கள் என்ற விவஸ்தையெல்லாம் அதற்குக் கிடையாது. சாவிப் படம் ஓடும்போது பக்கத்து வீட்டுக்காரி வந்து "சாவி இருக்கா?" என்றதற்குக்கூட ஒரு சபாஷ் கொடுத்தது.

அம்மா முதலில் "தண்ணி" என்றாள். பெரியவள் கைதட்டினாள். அன்றைய சமையலில் உப்பு இல்லை. கிட்ட இருந்தால் முட்டப் பகை. அள்ளிக் கொட்ட ஒருத்தி, சபாஷ் சொல்ல ஒருத்தி.

அதைக்கூடப் பொறுத்திருப்பாள். பாடத்தில் அவள் படமும் இருந்தது. அதற்குச் சின்னவள் தன் வாயில் வருகிறபடி "அக்கா" என்று பதிந்து வைத்திருந்தாள். பிறந்ததிலிருந்து "பெரியவளே" என்று கூப்பிட்ட அம்மா, அன்றிலிருந்து அவளை "அக்கா" என்றாள்.

"நான் உங்களுக்கு அக்கா இல்லம்மா. பெரியவ. சொல்லுங்க, பெ, ரி, ய, வ."

அம்மாவின் உதடு நடுங்கும். "அக்கா" என்பாள்.

தினமும் சின்னவள் வீடியோவில் வருவாள். போனை அம்மா முன்னால் சாய்த்து வைத்துவிட்டுப் பெரியவள் சமையலறைக்குப் போய்விடுவாள். "அக்கா, அக்கா" என்று அம்மாவின் குரல் அங்கேயும் வரும். சின்ன டீச்சருக்குப் பாடம் ஒப்பிச்சாகுது என்று குழாயை இன்னும் திருகித் திறப்பாள்.

இன்று விடிகாலையில் அம்மாவுக்கு மூச்சு இழுத்தபோது, பெரியவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஒரே ஒரு தடவை, பழைய பேரில். அம்மா கண்ணைத் திறந்து பார்த்து, "அக்கா" என்றாள். அவ்வளவுதான்.

மத்தியானம் சின்னவள் வந்தாள். அம்மாமேல் விழுந்து அழுதாள். சித்தி அவளை உள்ளறையில் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டுப் போனாள். பெரியவள் தண்ணீர் கொடுத்தாள்.

"கடைசியா ஏதாவது சொன்னாங்களாக்கா?"

"என்ன சொல்வாங்க? நீ சொல்லிக் குடுத்ததத்தான். அக்கான்னாங்க."

"உன்னைத்தானே கூப்பிட்டிருக்காங்க."

"என்னையா? அது உன் வார்த்தைடி. பெத்தவளுக்கு நான் அக்காவா? என் பேரையே அழிச்சுட்டு அது மேல உன் குரலைப் பதிஞ்சு வச்சுட்ட."

சின்னவள் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் படமும் அதுல இருந்துச்சுக்கா. சின்னவள்னு பதிஞ்சிருந்தேன். ஒரு நாள்கூட அதுக்கு மணி அடிக்கல."

பெரியவள் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தாள்.

"வீடியோல நான் தொண்டை வத்தப் பேசுவேன். அவங்க என்னைப் பாக்கவே மாட்டாங்க. நீ எழுந்து போன கதவையே பாத்துட்டு, அக்கா, அக்கான்னு கூப்பிட்டுட்டே இருப்பாங்க. போனை வச்சுட்டு எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா? உன் மேல அவ்வளவு பொறாமையா இருக்கும்."

"பாடம் சொல்றாங்கன்னு நெனச்சேன்" என்றாள் பெரியவள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

சாயங்காலம் வண்டி வாசலுக்கு வந்தது. கூடத்தில் நாற்காலிகளை ஓரமாக இழுத்தார்கள். அம்மாமேல் போர்த்துவதற்கு நல்ல போர்வையாக ஒன்று எடுக்கப் பெரியவள் உள்ளே வந்து அலமாரியைத் திறந்தாள். போர்வையோடு டேப்பும் சரிந்து கைக்கு வந்தது. அடுத்த வேளைப் பயிற்சி தொடங்கிவிட்டிருந்தது. திரையில் அவள் படம். பள்ளி ஆண்டு விழாவில் எடுத்தது, பல் தெரியச் சிரிப்பு.

"இது யாரும்மா? சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு அது காத்திருந்தது.

பெரியவளும் நின்றாள்.

"அக்கா!" என்று கூடத்திலிருந்து சின்னவள் உரக்கக் கூப்பிட்டாள். "எடுக்கப் போறாங்க!"

மணி அடித்தது. "சபாஷ்மா!" என்றது டேப்.

பெரியவள் போர்வையை எடுத்துக்கொண்டாள்.

"இதோ வரேம்மா" என்றாள்.