பச்சை விழக் கூடாது

ஊரில் எல்லோருக்கும் சிக்னலில் பச்சை விழ வேண்டும். எனக்கு மட்டும் சிவப்பு வேண்டும். நான் பஸ் டிரைவர். என் தடத்தில் ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒரு சிக்னல் இருக்கிறது. அந்த ஆஸ்பத்திரியின் நாலாவது மாடியில், ஓரத்து ஜன்னல் அறையில் என் புருஷன் இருக்கிறார். வண்டி நின்றால்தான் அண்ணாந்து பார்க்க முடியும். ஓட்டிக்கொண்டே பார்த்தால் முன்னால் போகிற ஸ்கூட்டர்காரன் கதி என்னாவது?

அவருக்கு நிணநீர்ப் புற்றுநோய். வேகமாகப் பரவுகிற ரகம். கீமோ எல்லாம் முடிந்து ஸ்கேன் சுத்தமாக வந்தது. கழுத்துக் கட்டி போன இடம் தெரியவில்லை. மனுஷன் சட்டையை இஸ்திரி போட்டு வேலைக்குப் போகத் தயாராகிவிட்டார்.

அப்போதுதான் டாக்டர் சொன்னார்: "இந்த ரகம் திரும்பி வர வாய்ப்பு ஜாஸ்திம்மா. வந்தப்புறம் ஓடுறதவிட, இப்பவே ஸ்டெம் செல் சிகிச்சை பண்ணிடலாம். எல்லாருக்கும் பலன் தரும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

இவருடைய ரத்தத்திலிருந்தே, புது ரத்தம் ஊற வைக்கிற அந்த ஸ்டெம் செல்லைப் பிரித்து உறைய வைப்பார்களாம். பிறகு பலமான கீமோ கொடுத்து மிச்சம் மீதி நோயை அழித்துவிட்டு, எடுத்ததைத் திருப்பி ஏற்றுவார்களாம்.

"நல்லா இருக்கேன்டி. வந்தா பார்த்துக்கலாம்," என்றார் இவர்.

"வந்தா என்னத்தப் பார்க்கிறது? என்னை ஒத்தையா விட்டுட்டுப் போறதையா?"

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு டிவி சத்தம் நின்றது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாய்க்குப் பயந்துதான் சம்மதித்தார். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே உள்ளே போனார்.

கிருமி அண்டக் கூடாது என்று தனி அறை. ஊர் இருமலெல்லாம் என் பஸ்ஸில்தானே ஏறுகிறது? எனக்கும் தொற்றிக்கொண்டது. உள்ளே விடவே மாட்டோம் என்றுவிட்டார்கள். முதலில் கொஞ்ச நாள் ஜன்னலில் வந்து நின்றார். கையை ஆட்ட மாட்டார், அவ்வளவு வீம்பு. நின்றாரே, அது போதும் எனக்கு.

பிறகு ஜன்னல் காலி. அவர் போனுக்கு அடித்தால் நர்ஸ்தான் எடுத்தாள்.

"செல் ஏத்தியாச்சுக்கா. இப்ப ரத்த அணு எல்லாம் அடியோட இறங்கியிருக்கு. காய்ச்சல் வேற. வாயெல்லாம் புண்ணு, பேச முடியல. புதுசா ஊறுற வரைக்கும் கஷ்டம்தான்."

நல்லா இருந்த மனுஷனை நான்தானே பிடித்து உள்ளே தள்ளினேன்? அவர் குறட்டை தாங்காமல் தலையணையைத் தூக்கி அடித்தவள் நான். இப்போது அந்தச் சனியன் பிடித்த குறட்டையைக் காது பக்கத்தில் கேட்க மாட்டோமா என்று ஏங்கிச் செத்தேன்.

இன்று மத்தியானம் சிவப்பு விழுந்தது. அண்ணாந்து பார்த்தேன். ஆள் இல்லை. பச்சை விழுந்தது. எனக்குக் கால் அசையவில்லை. ஒரே ஒரு தடவை வந்து நில்லுங்களேன்! பின்னால் ஹார்ன் சத்தம் காதைப் பிளந்தது.

"அக்கா, தூங்கிட்டீங்களா?" என்று கண்டக்டர் கத்தினான்.

"இறங்கி நடந்திருந்தா இந்நேரம் வீட்டுக்கே போயிருக்கலாம்," என்றது ஒரு குரல். அதற்குள் மறுபடியும் சிவப்பே விழுந்துவிட்டது.

கடைசி நிறுத்தத்தில் எஞ்சினை அணைத்ததும் போன் அடித்தது. அவர் நம்பர். நர்ஸ் என்ன சொல்லப் போகிறாளோ என்று பயந்துகொண்டே எடுத்தேன்.

"பச்சை விழுந்தும்... ஏன்டி நிக்கிற?"

வாயில் பஞ்சை அடைத்த மாதிரி குரல். ஆனால் அவரேதான்.

"எங்கங்க பார்த்தீங்க? ஜன்னல்ல ஆளே இல்லையே!"

"எந்திரிக்க முடியல. கட்டில ஜன்னல் பக்கம் திருப்பி, தலைமாட்டத் தூக்கிவிடச் சொன்னேன்." மூச்சு வாங்கினார். "நீ போறதயெல்லாம் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்."

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "என் மேல இன்னும் கோபமா?"

"கோபந்தான். அடுத்த ட்ரிப் எப்ப?"

டீக்கடையில் நின்றிருந்த கண்டக்டரைப் பாதி கிளாஸோடு இழுத்து வந்து வண்டியை எடுத்தேன்.