வேம்பு ஜெயித்த தட்டு

யோகேஸ்வரிக்கு வாய் சும்மா இருக்காது. ஜொகூர் பாருவில், கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை. மண்ணிலும் மனிதத் தோலிலும் குடியிருக்கும் ஒரு கிருமியைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, வேப்பஞ்சாற்றோடு மோதவிட்டுப் பார்த்தாள். சாறு வைத்த இடத்தைக் கிருமி அண்டவே இல்லை. பேசாமல் குறித்து வைத்துக்கொண்டு போயிருக்கலாம். கெட்ட நேரம், குடும்ப வாட்சப் குழுவில் படத்தைப் போட்டு, "வேம்பு ஜெயிச்சிருச்சு!" என்றும் எழுதித் தொலைத்தாள்.

பெக்கான் நானாஸில் அவள் தம்பி ரூபேந்திரன் அன்னாசித் தோட்டத்து லாரி ஓட்டுகிறான். இனிப்புநீர்க்காரன்; பல வருஷத்துச் சர்க்கரை வியாதி. காலில் கொப்புளம் கிளம்பியதும் அவன் மனைவி ஷர்மினி, மாரியம்மா வந்திருக்கிறாள் என்று வாசலில் வேப்பிலை செருகிவிட்டாள். அம்மை கண்டவன் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை படி தாண்டக்கூடாது, மருந்தும் கூடாது. அந்த நேரத்தில் படமும் வந்து சேர்ந்தால் கேட்கவா வேண்டும்! வேப்பிலையை அரைத்து அரைத்து அப்பினாள்.

சேதி தெரிந்ததும் யோகேஸ்வரி காரை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"அம்மையாவது ஒண்ணாவது! ஒரு கால்ல மட்டும் அம்மை வருமா? சேத்துக் கிருமி லா இது. ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க."

"நீங்கதானே அண்ணி படம் போட்டீங்க?" என்றாள் ஷர்மினி.

"அது தட்டுல மேலாக்க இருந்த கிருமி. இது ஒடம்புக்குள்ள போயிருச்சு. உள்ள போனத வேப்பிலை எப்படிப் போய்ப் புடிக்கும்?"

ரூபேந்திரன் பாயில் கண்ணை மூடிக் கிடந்தான். "மாரியம்மா உத்தரவு இல்லாம நான் வரமாட்டேன்க்கா."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. பயம் அதைவிட அதிகம். ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது. ஆனால் அம்மை கண்டவனை அம்மனாகவே கும்பிடுகிற வீடு அது. சரி, அம்மாவிடமே கேட்டுவிடுவோம் என்று சடாரென்று அவன் காலடியில் விழுந்தாள். புண்பட்ட பாதத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்து, நெற்றியை அதன்மேல் வைத்தாள். அரைத்த வேப்பிலைக்கு அடியிலிருந்து அழுகல் வாடை அடித்தது.

"தாயே, உத்தரவு குடு. என் தம்பிய நான் கூட்டிட்டுப் போறேன்."

ரூபேந்திரன் கண்ணைத் திறக்காமலே, "அக்கா, கும்பிடுறவங்க காலைத் தொட்டுல்ல கும்பிடணும்?" என்றான். "தூரமா நின்னு கேட்டா அம்மா எப்படிக் குடுப்பா?"

யோகேஸ்வரி பாதத்தை விடவில்லை. நிமிர்ந்து ஷர்மினியைப் பார்த்தாள்.

ஷர்மினி, அவன் பாதத்தை இறுகப் பிடித்திருந்த அந்த இரண்டு கைகளையே பார்த்தாள்.

"அண்ணி," என்றாள், "கார் சாவி எங்க?"