நெடுவரிசை ஏழில் தொண்ணூற்றொன்பது

பல்கலைக்கழக நூலகத்தில் அவளுக்கு 'மூணு பிரதி மேடம்' என்று பெயர். ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு அவர்கள் திரட்டும் தரவுகளை ஒழுங்காக வைக்கவும் பிறரோடு பகிரவும் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. மாதம் இரண்டு பயிற்சி வகுப்பு. எதற்கும் மூன்று பிரதி வேண்டும், ஒன்று வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும், எந்தக் குறியீட்டுக்கு என்ன பொருள் என்று ஒரு விளக்கக் கோப்பும் வேண்டும் என்று தொண்டை வற்றப் பேசுவாள். விலங்கியல் பேராசிரியர் ஒருவர் அவளைக் கண்டாலே மாடிப்படி வழியாக நழுவிவிடுவார். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரு திங்கட்கிழமை காலை மின்னஞ்சல் வந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவள் கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழ் அனுப்பியது. கைக்குழந்தையோடு வேலைக்கும் போகிற பெண்களுக்கு ஒரு நாளில் தனக்கென்று கிடைக்கும் நேரம் சராசரி நாற்பத்தொரு நிமிடம் என்று சொன்ன கட்டுரை. முனைவர் பட்டம், இந்த வேலை, எல்லாம் அதன் புண்ணியம். இப்போது வேறு யாரோ அதே ஆய்வைச் செய்து பார்த்தார்களாம், பாதிகூடத் தேறவில்லையாம். பதினான்கு நாளில் மூலத் தரவைப் பொதுவில் வைக்காவிட்டால் கட்டுரையை நீக்கிவிடுவோம் என்று வெகு மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

"அதுக்கென்ன, எடுத்துக் குடுத்தாப் போச்சு" என்றார் கணவர்.

எங்கே இருந்து எடுப்பது? இருந்தது ஒரே பிரதி. மூன்று நாள் வீட்டைத் தலைகீழாகப் புரட்டியபின், தீர்ந்துபோன பேட்டரிகள் கிடந்த டிராயரில் கணவர்தான் அந்தப் பென் டிரைவைக் கண்டெடுத்தார். உள்ளே 'கடைசி', 'கடைசி புதுசு', 'இதுதான் கடைசி', 'இதைத் தொடாதே' என்று நான்கு கோப்புகள். தொடாதே என்றதைத் தொட்டாள். இருநூற்று நாற்பது வரிசை எண்கள், ஒவ்வொரு நெடுவரிசையின் தலைப்பிலும் வெறும் எழுத்துகள். விளக்கக் கோப்பு என்று பேருக்குக்கூட ஒன்று இல்லை.

"இதெல்லாம் என்னம்மா?"

"எனக்கென்ன தெரியும்?"

"நீதானே எழுதின?"

"அது வேற ஆளு. கையில கிடைச்சா முதல் பெஞ்சுல உக்கார வச்சுப் பாடம் எடுப்பேன்."

யார் நோண்டிப் பார்க்கப்போகிறார்கள் என்ற நப்பாசையில் அதை அப்படியே நூலகத்தின் தரவுக் களஞ்சியத்துக்கு அனுப்பிவைத்தாள். அங்கே வருவதைச் சரிபார்ப்பவர் பக்கத்து அறைக்காரர். புத்தகப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தவரை இந்த வேலைக்குப் பழக்கியவளே அவள்தான். நன்றாகத்தான் பழக்கியிருக்கிறாள். மதியத்துக்குள் திருப்பி அனுப்பிவிட்டார். கூடவே ஒரு கடிதம்: 'அன்புள்ள ஆய்வாளருக்கு, உங்கள் தரவு பிறருக்கும் புரிய வேண்டும் என்பதில் உங்களுக்கு அக்கறை இருக்கும் என நம்புகிறோம்.' அவளே எழுதிக்கொடுத்த மாதிரிக் கடிதம். 'நம்புகிறோம்' என்ற சொல் உறுத்தாமல் இருக்கும் என்று அன்று அரைமணி நேரம் யோசித்துப் போட்டது. நன்றாகவே உறுத்தியது. கீழே அவர் ஒரு வரி சேர்த்திருந்தார்: 'நெடுவரிசை ஏழில் அறுபத்தாறு இடத்தில் 99 இருக்கிறது. அது நிமிடமா?'

வீட்டுக்குப் போய்ப் பரணில் ஏறினாள். பெட்டி நிறையக் கேள்விப் படிவங்கள், பெயர் இல்லாமல் எண்ணோடு மட்டும். 99 என்று குறித்திருந்தவற்றைத் தனியே பிரித்தாள். ஓரத்தில் அவளுடைய பழைய கையெழுத்து. 'குழந்தை அழுகிறது, பிறகு வரச் சொன்னார்.' 'பஸ்ஸுக்கு ஓடுகிறார்.' 'கதவைத் திறக்கவே நேரமில்லை என்றார்.' பதில் வரவில்லை என்பதற்கு அடையாளமாக அவள்தான் 99 போட்டிருக்கிறாள். பிறகு, பொருளை எங்கும் எழுதி வைக்காததால், அவளே அதை நிமிடம் என்று நினைத்துக் கூட்டிச் சராசரி எடுத்திருக்கிறாள். அந்த அறுபத்தாறு பேரை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டாள். பத்தொன்பது நிமிடம் வந்தது.

இதே பல்கலைக்கழகம், பெண் ஊழியர்கள் மதியம் கூடுதலாக அரைமணி ஓய்வு கேட்டபோது, நாற்பத்தொரு நிமிடம் இருக்கிறதே என்று அவள் கட்டுரையைக் காட்டித்தான் மறுத்தது. நிர்வாகமே என்னை மேற்கோள் காட்டுகிறது என்று அன்று அவள் சக ஊழியர்களுக்கு இனிப்பு கொடுத்தாள். அவர்களும் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலை ஆய்விதழுக்கு ஒரு பதில் எழுதினாள். வீடு மாறியதில் தரவு தொலைந்துவிட்டது, வருந்துகிறேன். நம்பும்படியாகவே இருந்தது. ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் சாக்குகள் என்று வகுப்பில் அவள் காட்டும் பட்டியலில் அது இரண்டாவது. அனுப்பாமல் எழுந்து பக்கத்து அறைக்குப் போனாள்.

"99க்கு அர்த்தம் கிடைச்சுது சார். பதில் சொல்ல நேரமில்லாதவங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ நேரமே இல்லாதவங்களுக்குத்தான் இருக்கறதுலயே அதிக நேரம் போட்டிருக்கீங்க."

"ஆமா."

அவர் எழுந்து அறைக் கதவைச் சாத்தினார். "வேணும்னா நீங்க அனுப்பினதை நான் பாக்கவே இல்லைன்னு எடுத்துடறேன் மேடம். வெளிய தெரியாது. உங்க வேலை விஷயம் பாருங்க."

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். அவளுக்குச் சரி என்று சொல்ல வாய் வரை வந்தது. அந்தப் பெண்கள் ஒவ்வொருவரும் நேரமில்லை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டது இப்போது நன்றாக நினைவு வந்தது. வெட்கமாக இருந்தது.

"வேண்டாம் சார். விளக்கக் கோப்பு எழுதித் தரேன், சரிபாருங்க."

எல்லாத் தலைப்புக்கும் பொருள் எழுத மாலை வரை பிடித்தது. ஏழாவதுக்கு மட்டும் மூன்று முறை அடித்து அடித்து எழுதினாள். அவர் ஒரு எழுத்தையும் மாற்றாமல் களஞ்சியத்தில் ஏற்றினார்:

'99 என்பது நிமிடம் அல்ல. நேரமில்லை என்று சொல்லிய அறுபத்தாறு பெண்கள். அவர்கள் சொன்னதுதான் சரியான பதில். அதைப் பதில் இல்லை என்று குறித்தவள் நான்.'