மேல்பெட்டியின் தரை

கடப்பாரையை இடுக்கில் சொருகி, உடம்பின் மொத்த எடையையும் அதன் மேல் போட்டாள் அக்கா. 'கிறீச்'சென்று அலறியபடி எழும்பியது தரைப்பலகை.

"மூணாவது! இழுங்க!"

ரம்பம் இழுத்தார். தச்சரின் பட்டப்பெயர் அது. பிழைப்புக்கு ரம்பம் பிடிப்பதால் வந்ததல்ல; வாயைத் திறந்தால் ஆளையே அறுத்துவிடுவார் என்பதால் வந்தது.

மணி பத்து பத்து. பதினொன்றுக்கெல்லாம் தங்கை குடிவந்துவிடுவாள். இரண்டு மாதக் கைக்குழந்தையோடு.

கப்பலில் சரக்கேற்றும் இரும்புப் பெட்டிகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தங்கைக்காக அக்கா வரைந்து கட்டிய வீடு. செத்துப்போன வாஷிங் மெஷின்களின் கண்ணாடிக் கதவுகள்தான் வட்ட ஜன்னல்கள். ஏதோ ஆபீஸ் தலைமுழுகிய இரும்பு பீரோக்கள் சமையல் மேடையைத் தாங்கின. 'ஒரு சிராய்கூடக் குப்பைக்குப் போகக் கூடாது' என்பது அவள் போட்ட சட்டம்.

காலையில் பூட்டு மாட்டுவதற்காக மேல்பெட்டியின் கதவுச் சாயத்தைச் சுரண்டினாள். அடியில் ஒரு தகடு. பெட்டியின் தரைப்பலகை கரையான் அரிக்காமலிருக்கப் பூச்சிமருந்தில் ஊறவைக்கப்பட்டது என்றது. "துணி ஏத்தின பெட்டிம்மா, சொக்கத் தங்கம்" என்று விற்றவன் அடித்த சத்தியம் காதில் ஒலித்தது. மருந்தின் பெயரைப் படித்துக் காட்டியதும், வேதியியல் படித்த தோழி போனிலேயே கத்தினாள்.

"பெரியவங்களுக்கே ஆகாதுடி! மூச்சுல ஏறும், தோல்ல ஊறும். பச்சைக் குழந்தையை அதுகிட்டயே விடாதே!"

மேல்பெட்டிதான் படுக்கையறை. தங்கையின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. பழைய வீட்டுச் சாவியை நேற்றே ஒப்படைத்தாயிற்று. பலகையைப் பிடுங்கி எறிவதைத் தவிர வேறு வழியில்லை.

ஐந்து. ஆறு. உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. ரம்பத்தின் நெற்றியில் வியர்வை தாரையாக வழிந்தது. விஷயத்தைச் சொன்னதிலிருந்து மனிதர் வாயே திறக்கவில்லை.

"என்ன, இன்னிக்கு ரம்பத்துக்குப் பல்லு கொட்டிடுச்சா? ஒரு வார்த்தையைக் காணோம்!"

"வேலையைப் பாருங்கக்கா."

பத்து ஐம்பதுக்குக் கடைசிப் பலகையும் வாசலில் விழுந்தது. அக்கா இறங்கி, பலகைகளை இருந்த வரிசையிலேயே மண்ணில் பரப்பிப் பார்த்தாள். நடுவில் ஆள் படுக்கும் அகலத்துக்கு ஓர் ஓட்டை. படிக்கட்டு மேலேறுவதற்காக ரம்பம் அறுத்தெடுத்த இடம்.

"இங்கே அறுத்த துண்டு எங்கே?"

ரம்பம் குனிந்து கடப்பாரையைத் துடைக்க ஆரம்பித்தார்.

"உங்களைத்தான் கேக்கிறேன். அலமாரியா அடிச்சீங்களா? ஸ்டூலா? எங்கே மாட்டியிருந்தாலும் இப்பவே பிடுங்கணும்."

"இந்த வீட்டுல இல்லக்கா." ரம்பத்தின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அப்புறம் எங்கே?"

"நீங்கதானே சிராயைக்கூட வீணாக்கக் கூடாதுன்னு... உங்க பேருக்கு நல்லதுதானேன்னு நினைச்சு..."

ஹாரன் ஒலித்தது. சாமான் வேன் தெருமுனை திரும்பி வந்து நின்றது. முன்பக்கத்திலிருந்து தங்கை குதித்திறங்கினாள். வெறுங்கையோடு.

அக்கா வேனை நோக்கி ஓடினாள். "குழந்தை எங்கடி?"

"ஷ்ஷ், கத்தித் தொலைக்காதே! பின்னாடி இருக்கான், அவர்தான் பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கறார். போனை சைலன்ட்ல போட்டுட்டேன், திட்டாதே." தங்கை வேனின் பின்கதவை ஓசைப்படாமல் திறந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "வழியெல்லாம் ஒரே தூக்கம். ரம்பம் அண்ணன்கிட்ட நீ குடுத்தனுப்பினியே ஒரு தொட்டில், நம்ம வீட்டுப் பலகையிலேயே செஞ்சது... பிறந்ததுலேர்ந்து அதுல போட்டாத்தான்க்கா தூங்கறான்!"