மாஃபி பியானோ

சோலையப்பனுக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. நாற்பது வருஷம் அட்லாண்டிக்கில் போவதும் வருவதுமாக ஓடிக் களைத்து, துபாய் துறைமுகத்தில் வந்து நின்றுவிட்ட பயணிகள் கப்பலில் அவனைக் கொண்டுபோய் விட்டால் கேட்கவா வேண்டும்?

"மேஜை ஓரத்துல எதுக்கு பாய், வரப்பு மாதிரி கட்டை?"

"அலையடிச்சா தட்டு மடியில வந்து விழும்ல, அதுக்குத்தான்" என்றார் கௌஸ் முகம்மது. இப்போது சூப்பர்வைசர். முன்பு இதே கப்பலின் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறியவர், கீழக்கரைக்காரர். "மேஜை விரிப்ப நனைச்சுப் போடுவோம். அப்பத்தான் தட்டு வழுக்காது."

"சூப்பு எப்படி ஊத்துறது?"

"பாதிக் கிண்ணம்."

"பாதி குடுத்தா சண்டைக்கு வரமாட்டாங்களா?"

"அந்த ஆட்டத்துல எவன்யா சூப்பு குடிச்சான்? போய் வேலையப் பாரு."

அது கட்டடங்களெல்லாம் பாதியில் நின்றுபோன 2009. கூலியாட்கள் தங்கும் சோனாப்பூர் கேம்ப்பில் நாலு ரூமுக்கு ஒரு ரூம் காலி. வேலையில்லாமல் கிடந்தவர்களில் ஆறு பேரை ஒரு வாரத்துக்குக் கப்பலைக் காலிசெய்ய அனுப்பியிருந்தார்கள். வாரக் கடைசியில் ஒருவனைக் கப்பலிலேயே வைத்துக்கொள்வார்கள், மற்றவர்களுக்கு ஊர் டிக்கெட். அந்த ஒருவன் தானாக இருக்கவேண்டும் என்று சோலையப்பன் கும்பிடாத சாமி இல்லை.

கடைசி நாள் காலையில் கௌஸ் முகம்மது கடுப்பாக இருந்தார். பெரிய கூடத்துப் பியானோவை அல் கூஸ் கிடங்குக்கு அனுப்பவேண்டும்.

"இன்னைக்கு ஒரு கேள்வி கேட்டே, உனக்குத்தான் முதல் டிக்கெட்" என்று சொல்லிவிட்டுக் கீழே போனார்.

ஐந்து பேரோடு பியானோவை வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்தபோது வாக்கிடாக்கி கரகரத்தது. "சோலை... மாஃபி... பியானோ... ஜல்தி."

அரபியில் மாஃபி என்றால் இல்லை. வளைகுடாவில் இறங்கிய அன்றே எவனும் கற்றுக்கொள்கிற வார்த்தை. பியானோ போகவில்லையாம். ஏனென்று கேட்க நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டான். திருப்பித் தள்ளி, பழைய இடத்திலேயே தரைக் கொக்கியில் மாட்டிவிட்டு நிமிர்ந்தான்.

வெகுநேரம் கழித்துக் கௌஸ் முகம்மது வேர்க்க விறுவிறுக்க ஏறிவந்தார். "கீழ மாஃபி நிக்குதுய்யா, பியானோ எங்க?"

"மாஃபின்னா இல்லைன்னுதானே பாய்?"

"அடப்பாவி, அது வண்டி. ஹார்பர்ல சரக்கு ஏத்துற தட்டுவண்டிக்குப் பேரே மாஃபிதான்."

"இல்லைன்னு ஒரு வண்டிக்குப் பேரு வைப்பாங்களா?"

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேக்கக்கூடாதுன்னீங்க."

எல்லாம் போச்சு என்று நினைத்தான் சோலையப்பன். கௌஸ் முகம்மது பியானோ முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். உள்ளங்கையால் பியானோ மூடியைத் தடவினார்.

"இத்தனை வருஷம் இதுல ஓடியிருக்கேன். என் வீட்டுலகூட எவனும் இதப்பத்தி ஒரு வார்த்தை கேட்டதில்லை" என்றார். "நீ கேட்டே. போ, மறுபடியும் தள்ளு. நாளைக்கும் இங்கயே வந்துரு."

சாயங்காலம் மனைவி நாகவள்ளிக்குப் போன் போட்டான்.

"கப்பல்ல வேலை கிடைச்சிருச்சு. நிரந்தரம்."

"எந்தெந்த ஊருக்கெல்லாம் போகும்?"

"எங்கயும் போகாது. நின்னுக்கிட்டேதான் இருக்கும்."

"போகாத கப்பலுக்கு எதுக்குங்க ஆளு? எத்தனை நாளைக்கு வச்சிருப்பாங்க?"

"பாய்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றான்.