பத்துன்னா பத்துதான்

என் குரல்தான் என் பிழைப்பு. பிதுங்கி வழியும் பேருந்தின் பின்படியில் நின்று "உள்ள போங்கய்யா!" என்றால் முன்கண்ணாடி வரை கேட்கும். கண்டக்டர் வேலைக்கு அது வரம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதுவே எனக்கு எமனாக வந்தது.

டிரைவர் திடீரென்று பிரேக் போட்டதில் படியிலிருந்து விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. மாவுக்கட்டு போட்டார்கள், வலிக்கு ஊசியும் போட்டார்கள். குறைய வேண்டுமா இல்லையா? ஏறிக்கொண்டே போனது. கட்டுக்குள் கால் வெடித்துவிடும் போலிருந்தது. விரல்கள் மரத்துப்போயின.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரைக் கேட்டார். "வலி எப்படி? பத்துக்கு எவ்ளோ இருக்கும்?"

"ஒரு நாலு இருக்கும் சார். முள்ளு குத்தினாலே ஊரைக் கூட்டிருவா," என்றார் அந்த மகராசன்.

டாக்டர் சிரித்துக்கொண்டே நாலு என்று எழுதினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பத்து!" என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

"பத்துன்னா இப்படிப் பேசவே முடியாதும்மா."

"ரெண்டு புள்ள பெத்தவ நான். அப்பவும் இப்படித்தான் பேசினேன். அது ஏழு. இது பத்து. பத்துன்னா பத்துதான்!"

"சரி சரி, தூங்கறதுக்கு ஊசி போடச் சொல்றேன்."

"ஊசியோட எவராவது கிட்ட வந்தா கையைக் கடிச்சிருவேன்! என்னைத் தூங்க வச்சிட்டா வலி போயிடுமா? காலைத் தொட்டுப் பாருங்க, அப்புறம் எழுதுங்க."

என் வாயை அடைக்கத்தான் தொட்டார். கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கட்டைவிரலைப் பிடித்து மெல்ல மேலே வளைத்தார்.

வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

இத்தனை வருடக் குடித்தனத்தில் நான் ஊமையாகி என் வீட்டுக்காரர் பார்த்ததே இல்லை. முகம் வெளுத்துப்போய் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், அவ கத்தல சார்! ஐயோ, கத்தவே இல்ல சார்!"

டாக்டரின் சிரிப்பும் போயிருந்தது. நர்ஸைக் கூப்பிட்டு அங்கேயே கட்டைப் பிளக்கச் சொன்னார். உள்ளே கால் வீங்கிக் கல்லாக இருந்தது. அப்படியே ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். உள்வீக்கம் ரத்த ஓட்டத்தை நெரித்திருக்கிறது. நாலு என்று விட்டிருந்தால் காலையே எடுத்திருப்பார்கள்.

மறுநாள் டாக்டர் வந்தார். இந்தத் தடவை நாற்காலியை இழுத்துப் போட்டு, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "இப்ப எவ்ளோம்மா?"

"மூணு."

"இல்ல சார்," என்று பக்கத்திலிருந்து பதறினார் என் வீட்டுக்காரர். "அடக்கிக்கிறா சார். எட்டாவது இருக்கும், எட்டுன்னே போட்டுக்கோங்க!"

"யோவ், சும்மா இருய்யா!" என் குரல் வார்டின் கடைசிக் கட்டில் வரை போனது. "மூணுன்னா மூணுதான். காலு யாருது?"